வீட்டுக் கணனியும் கடந்தகால ஏக்கமும்: பிரித்தானிய அனுபவம் குறித்த ஒரு நோக்கு

கடந்தகால ஏக்கம் இன்று மனித மனத்தின் இயல்பான உணர்வுகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஆயின் அதனைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல் பிறந்த வரலாறு வேறானது. 1688இல் பாசல் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த மருத்துவ ஆய்வொன்றிலே யொகான்னஸ் ஹோஃபர் என்பார் கிரேக்க வேர்ச்சொற்கள் இரண்டினை இணைத்து அச்சொல்லை ஆக்கினார். பிறந்த மண்ணை விட்டு அயலிடங்களில் வாழ நேர்ந்தோரைப் பீடித்த ஒரு நோயின் பெயராகவே அது முதலில் வழங்கிற்று. இடத்தை நோக்கிய அவ்வேக்கம் காலப்போக்கிற் காலத்தை நோக்கியதாக மாறியது. விட்டு வந்த ஊருக்கு ஒருவர் மீளலாம். கழிந்த காலத்துக்கு மீளுதல் இயலாது. அதனாலேயே கழிந்த காலத்துக்காக ஏங்குவோர் அக்காலத்துப் பொருள்களைப் பற்றிக்கொள்கின்றனர். பழைய இசைத்தட்டுகள், பழைய மோட்டார் வண்டிகள் என நீளும் அப்பொருள்களின் வரிசையில் அண்மைக்காலத்திலே சேர்ந்திருப்பது வீட்டுக் கணனி.

1980களின் முற்பகுதியிலே பிரித்தானிய வீடுகளிற் புகுந்த சிறு கணனிகளைப் பற்றிய ஏக்கமே ஈண்டு ஆராயப்படுகின்றது. அமெரிக்காவிலும் இவ்வேக்கம் உண்டு. எனினும் பிரித்தானியாவிலே வீட்டுக் கணனி வெறும் சந்தைப் பண்டமாக மட்டும் வரவில்லை. அரசும் பொது ஒலிபரப்பு நிறுவனமும் அதனைத் தேசியப் பணியொன்றாகவே மேற்கொண்டன. மேலும் அக்காலத்தை எண்ணி ஏங்கியவர்கள் முப்பதாண்டுகளின் பின்னர் அந்நாட்டின் பாடத்திட்டத்தையே மாற்றுமளவுக்குச் செல்வாக்குப் பெற்றனர். ஓர் உணர்வு கொள்கையாக மாறும்போது அது எதனை நினைவிற் கொள்கின்றது, எதனை மறந்துவிடுகின்றது என வினவுவது அவசியமாகின்றது.

முதலில் அப்பொறிகள் எத்தகையன என்பதை நோக்குவோம். 1980இல் கிளைவ் சின்கிளேயரின் நிறுவனம் இசட்.எக்ஸ். 80 என்னும் கணனியை 99.95 பவுண் விலையில் விற்பனைக்கு விட்டது. உறுப்புகளை வாங்கித் தாமே பொருத்திக்கொள்வோருக்கு விலை 79.95 பவுண். நூறு பவுணுக்குக் குறைந்த கணனி என்பது அன்று பலரால் நம்பவும் முடியாத செய்தி. அடுத்த ஆண்டு வந்த இசட்.எக்ஸ். 81 இன்னும் மலிந்து, பொருத்திய நிலையில் 69.95 பவுணுக்குக் கிடைத்தது. இவ்விரண்டின் நினைவகமும் ஒரு கிலோபைட்டு, அதாவது 1,024 எழுத்துகளை மட்டுமே கொள்ளக்கூடிய அளவு. 1982 ஏப்ரிலில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் 16 கிலோபைட்டு நினைவகத்துடன் 125 பவுணுக்கும், 48 கிலோபைட்டுடன் 175 பவுணுக்கும் விற்கப்பட்டது. இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கப்படும் ஒரேயொரு புகைப்படம் இந்நினைவகம் முழுவதையும் போலப் பன்மடங்கு இடத்தைக் கொள்ளும்.

கணனிக்கெனத் தனித்திரை இருக்கவில்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே திரையாயிற்று. சேமிப்புக்குத் தனிக்கருவி இருக்கவில்லை. பாட்டுக் கேட்கும் சாதாரண ஒலிநாடாக் கருவியே அப்பணியையும் செய்தது. செய்நிரல்கள் நாடாவில் ஒலியாகப் பதியப்பட்டிருந்தன. ஸ்பெக்ட்ரம் கணனி ஒரு வினாடிக்குச் சராசரியாக 1,500 துணுக்குகளையே நாடாவிலிருந்து படித்தது. ஆகவே நினைவகத்தை நிரப்பும் ஒரு விளையாட்டு உள்ளே செல்ல நான்கைந்து நிமிடங்களாயின. அந்நேரம் முழுவதும் கீச்சிட்டும் இரைந்தும் ஓர் ஒலி எழும். திரையின் ஓரங்களிலே சிவப்பும் வெளிர்நீலமும், பின்னர் நீலமும் மஞ்சளுமான கோடுகள் ஓடும். நாடாவிலே சிறு பழுதிருப்பின் இறுதிக்கணத்தில் எல்லாம் வீணாகி, நாடாவைப் படிப்பதில் தவறு நேர்ந்தது என்னும் வாசகம் தோன்றும். அக்காலத்தை நினைவுகூர்வோர் எவரும் இவ்வொலியைக் கூறாது விடுவதில்லை. அன்று எரிச்சலூட்டிய காத்திருப்பே இன்று இனிய நினைவாகின்றது என்பது ஏக்கத்தின் இயல்பைப் புலப்படுத்தும் ஒரு சிறு சான்று.

எனினும் இவ்வொலியும் கோடுகளும் மேற்புறத்து நினைவுகளே. அவற்றினும் ஆழமான ஒன்று உண்டு. இக்கணனிகளுக்கு மின்சாரம் பாய்ச்சியவுடன் திரையிலே தோன்றியது என்ன? படங்களில்லை, தெரிவுப் பட்டியல்களில்லை, கடைச்சரக்கு எதுவுமில்லை. உரிமையாளரின் பெயரைக் கூறும் ஒரு வரி, அல்லது நினைவகத்தின் அளவைக் கூறும் ஒரு வரி. அதன் கீழ், கட்டளைக்குக் காத்துநிற்கும் ஒரு சிறு குறி. அவ்வளவே. பொறியின் நிரந்தர நினைவகத்திலேயே பேசிக் என்னும் கணனிமொழி பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிலே ஜோன் கெமெனி, தோமஸ் குர்ட்ஸ் ஆகிய கணிதப் பேராசிரியர் இருவர், விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணனியைக் கையாள வேண்டும் என்னும் நோக்குடன் ஆக்கிய மொழி அது. பத்து எனும் இலக்கமிட்ட வரியிலே ஒரு பெயரை அச்சிடுமாறும், இருபது எனும் இலக்கமிட்ட வரியிலே மீண்டும் பத்துக்குச் செல்லுமாறும் எழுதிவிட்டால் திரை முழுவதும் அப்பெயர் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். கடைகளிற் காட்சிக்கு வைக்கப்பட்ட கணனிகளிற் சிறுவர் இவ்விரு வரிகளை எழுதிவிட்டு ஓடிவிடுவது அன்றைய குறும்புகளுள் ஒன்று. அது குறும்புதான், ஆயினும் அச்சிறுவன் அப்பொறிக்கு ஆணையிட்டான் என்பது உண்மை.

பொறியைப் பயன்படுத்துவதும் அதனை ஆக்குவதும் வேறுவேறு செயல்களாக அன்று முற்றாகப் பிரிந்திருக்கவில்லை என்பதே இதன் பொருள். விளையாட்டை நாடாவிலிருந்து ஏற்றுவதற்குக்கூட அம்மொழியின் ஒரு கட்டளையை எழுதியாகவேண்டும். கணனிச் சஞ்சிகைகள் பக்கம் பக்கமாகச் செய்நிரல்களை அச்சிட்டன. வாசகர் அவற்றை வரிவரியாக விசைப்பலகையிலே தட்டெழுத வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் செய்நிரல் ஓடாது. தவறு அச்சிலா தம்முடைய கையிலா என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அத்தேடலினூடாகவே பலர் செய்நிரலாக்கத்தைக் கற்றனர். வேலைக்கூறு பற்றிய மார்க்சிய விவாதங்களிலே உற்பத்தியாளனும் நுகர்வோனும் அந்நியப்பட்டு நிற்றல் பற்றி நாம் நிறையப் படித்திருக்கின்றோம். அப்பிளவு முற்றுப்பெறாதிருந்த ஒரு குறுகிய கணத்தின் நினைவாகவே வீட்டுக் கணனி பற்றிய ஏக்கத்தின் மையத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். அதனை நடுத்தர வயதினரின் மனநெகிழ்ச்சி என ஒதுக்கிவிடுவோர் இவ்வுண்மைக் கூறினைக் காணத் தவறுகின்றனர்.

நினைவகத்தின் வறுமையும் இவ்வுறவை வளர்த்தது. 1984இல் வெளிவந்த எலீட் என்னும் விண்வெளி வாணிக விளையாட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவரான டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பி.பி.சி. மைக்ரோ கணனிக்காக அதனை ஆக்கினர். அக்கணனியின் நினைவகம் 32 கிலோபைட்டு. அதிலும் ஒரு பகுதியைத் திரை எடுத்துக்கொண்டுவிடும். அத்துணைச் சிறிய இடத்திலே எட்டு விண்மீன் மண்டலங்களை, மண்டலமொன்றுக்கு 256 உலகங்களாக, மொத்தம் 2,048 உலகங்களை அவர்கள் படைத்தனர். அவற்றின் பெயர்கள், விலைவாசி, ஆட்சிமுறை எவையும் சேமித்து வைக்கப்படவில்லை. சில தொடக்க எண்களிலிருந்து கணிதவிதியொன்றின் மூலம் வேண்டியபோதெல்லாம் அவை மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டன. சேமிக்க இடமில்லாதபோது கணித்துக்கொள்வது என்னும் இவ்வுத்தி வறுமையின் விளைவு. வறுமையைப் போற்றுவது எமது நோக்கமன்று. அதற்குள்ளிருந்து கிளர்ந்த அறிவு வறுமைக்குரிய புகழன்று.

இனி, ஏக்கம் மறந்துவிடுகின்றவற்றுக்கு வருவோம். நினைவுக் கட்டுரைகளும் நாடகங்களும் இக்காலத்தைத் தனிமனிதர் சிலரின் கதையாகவே பெரும்பாலும் சித்திரிக்கின்றன. 2009இல் பி.பி.சி. ஒளிபரப்பிய மைக்ரோ மென் என்னும் நாடகம், சின்கிளேயருக்கும் ஏகோர்ன் நிறுவனத்தின் கிறிஸ் கறிக்கும் இடையிலான போட்டியைச் சுவைபடக் காட்டியது. சுவையானதுதான். ஆனால் ஒரு நாட்டின் இலட்சக்கணக்கான குடும்பங்கள் திடீரெனக் கணனி வாங்கத் தலைப்பட்டமைக்கு இரு முதலாளிகளின் பகைமை விளக்கமாகாது.

1978இல் பி.பி.சி. தொலைக்காட்சி, நுண்செயலிகளின் வருகையால் வேலைகள் அழியப்போவது பற்றி ஒரு விவரணப்படத்தை ஒளிபரப்பிற்று. அது பரவலான கலக்கத்தை உண்டாக்கியது. அக்கலக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை: பிரித்தானியாவின் பழைய கைத்தொழில்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. கணனி எழுத்தறிவுத் திட்டம் என்ற பெயரிலே பி.பி.சி. வகுத்த பெருந்திட்டம் இச்சூழலிலேயே பிறந்தது. பத்துப் பகுதிகளைக் கொண்ட அதன் முதற்றொடர் 1982 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதே ஜனவரியிலேதான் பிரித்தானியாவின் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்து நோக்காது வீட்டுக் கணனியின் வருகையை விளங்கிக்கொள்ள முடியாது. மகனுக்குக் கணனி வாங்கிக்கொடுத்த தந்தை ஒரு விளையாட்டுப் பொருளை வாங்கியதாக எண்ணவில்லை. தன் தொழில் அவனுக்குக் கிடைக்காது என்பதை அறிந்து, வேறொரு தொழிலுக்கான முன்பணத்தையே செலுத்தினான். மகன் அதில் விளையாடினான் என்பது வேறு கதை.

தன் நிகழ்ச்சிகளுக்கு ஏற்ற கணனியொன்றைப் பி.பி.சி. தானே வரையறுத்து, அதனைச் செய்யும் பொறுப்பைக் கேம்பிரிட்ஜின் ஏகோர்ன் நிறுவனத்துக்கு வழங்கியது. அதுவே பி.பி.சி. மைக்ரோ. பொது ஒலிபரப்பு நிறுவனமொன்று தன் பெயரிலே கணனி விற்க முன்வந்தமை அதுகாறும் காணாத புதுமை. தொடக்கத்தில் 235, 335 பவுண் என அறிவிக்கப்பட்ட அதன் இருவகை மாதிரிகளின் விலை விரைவிலேயே 299, 399 பவுண் ஆக உயர்ந்தது. கைத்தொழில் திணைக்களம், பாடசாலைகள் பிரித்தானியக் கணனி வாங்கும்போது செலவிற் பாதியைத் தானே ஏற்றது. பாடசாலைகளிற் பெரும்பாலானவை பி.பி.சி. மைக்ரோவையே தெரிந்தன. 1983 முதல் சில ஆண்டுகள் பி.பி.சி. தன் தொலைக்காட்சி அலைகளோடு எழுத்துச் செய்திகளை அனுப்பும் சேவையினூடாகச் செய்நிரல்களையும் அனுப்பியது. உரிய இணைப்புக் கருவி உள்ளோர் அவற்றை வானிலிருந்து கட்டணமின்றிப் பெற்றுக்கொண்டனர்.

இவையாவும் மார்கிரட் தட்சரின் ஆட்சியிலே நிகழ்ந்தன என்பதை ஏக்கமுற்றோர் விரும்பிக் கூறுவர். அதன் முரண்பாட்டைப் பெரும்பாலும் கூறுவதில்லை. பொதுத்துறையைச் சுருக்குவதே தன் கடனெனக் கொண்ட ஓர் அரசு, இவ்வொரு துறையிற் பொதுப்பணத்தைச் செலவிட்டுச் சந்தையைத் தானே உருவாக்கியது. 1982இல் யப்பானுக்குச் சென்ற தட்சர் அந்நாட்டுப் பிரதமருக்கு ஸ்பெக்ட்ரம் கணனியொன்றைப் பெருமிதத்துடன் காட்டினார். தனியார் முயற்சியின் வெற்றிச் சின்னமாக அவர் காட்டிய கணனியின் பின்னால் பொது ஒலிபரப்பும் பாடசாலைகளும் பொதுப்பணமும் வளர்த்த ஆர்வம் இருந்தது.

அக்கணனியைச் செய்த கைகள் யாருடையவை? இவ்வினாவுக்கு விடை தேடின் ஸ்கொட்லாந்தின் டண்டி நகருக்குச் செல்லல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே டண்டி சணல் ஆலைகளின் நகரம். வங்காளத்தில் விளைந்த சணல் அங்கே நெய்யப்பட்டது. நெய்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் ஒரு முனையிலே வங்காளத்து உழவனும் மறுமுனையிலே டண்டியின் ஆலைப்பெண்ணும் நின்றனர். கல்கத்தாவிலே ஆலைகள் பெருகியபோது டண்டியின் ஆலைகள் தேய்ந்தன. இரண்டாம் உலகப்போரின் பின்னர் அமெரிக்கக் கடிகார நிறுவனமான டைமெக்ஸ் அந்நகருக்கு வந்தது. நுண்ணிய கைவேலைக்குப் பழகிய பெண்தொழிலாளரே அங்கும் பெரும்பான்மையினர். ஒரு காலத்தில் ஏறத்தாழ 7,000 பேர் அந்நிறுவனத்தில் வேலைசெய்தனர். சுழற்றுக் கடிகாரத்தின் தேவை குறைந்தபோது டைமெக்ஸ் பிற நிறுவனங்களின் மின்னணுப் பொருள்களைக் கூலிக்குப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கிற்று. இசட்.எக்ஸ். 81 கணனியும் அதன்பின் ஸ்பெக்ட்ரமும் இவ்வாறுதான் டண்டியிலே செய்யப்பட்டன.

1983இல் கடிகார உற்பத்தி கைவிடப்பட்டு வேலைநீக்கம் அறிவிக்கப்பட்டவேளை தொழிலாளர் ஆலைக்குள் அமர்ந்து போராடினர். அதே 1983இலே சின்கிளேயர் ‘சேர்’ பட்டம் பெற்றார். 1986இல் அவருடைய கணனி வணிகம் 50 இலட்சம் பவுணுக்கு அம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஸ்பெக்ட்ரம் உற்பத்தி டண்டியை விட்டு நீங்கிற்று. 1993 ஜனவரியில் வேலைநீக்கத்தை எதிர்த்து டைமெக்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். மீண்டும் வேலைக்கு வந்தோர் வாயிலிலேயே மறிக்கப்பட்டனர். முந்நூறுக்கு மேற்பட்டோர் பதவிநீக்கப்பட்டு அவர்களுடைய இடத்துக்குப் புதியோர் பேருந்துகளில் ஏற்றிவரப்பட்டனர். மாதக்கணக்கில் நீடித்த மறியலின் முன்னணியிலே நின்றவர்கள் பெண்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. ஐம்பது இலட்சத்துக்கு மேல் விற்றதாகக் கூறப்படும் ஸ்பெக்ட்ரம் பற்றிய நினைவுநூல்களில் அதன் இரப்பர் விசைகளின் வடிவமைப்புக்குக் கிடைக்கும் இடத்திற் பத்திலொரு பங்கேனும் அவ்விசைப்பலகையைப் பொருத்திய பெண்களுக்குக் கிடைப்பதில்லை.

டண்டிக்கு இதில் ஒரு பயனும் விளைந்தது. ஆலையிற் செய்யப்பட்ட கணனிகள் அந்நகரத்து மதுச்சாலைகளிலே மலிவாகக் கைமாறின என்பது அங்கு வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும், டைமெக்ஸில் வேலைபார்த்த டேவிட் ஜோன்ஸ் என்பார் 1980களின் இறுதியிலே டி.எம்.ஏ. டிசைன் என்னும் விளையாட்டு நிறுவனத்தை டண்டியிலே தொடங்கினார். லெமிங்ஸ் 1991இலும், கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 1997இலும் அங்கிருந்து வெளிவந்தன. அந்நகரின் அபர்ட்டே பல்கலைக்கழகம் கணனி விளையாட்டுத் தொழினுட்பத்துக்குப் பட்டப்படிப்பையே தொடங்கியது. ஆயின் மறியலில் நின்ற ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அப்பட்டப்படிப்பால் வேலை கிடைத்திருக்க முடியாது.

பெண்கள் மறக்கப்படுவது டண்டியோடு நின்றுவிடவில்லை. படுக்கையறையிலே தனித்திருந்து செய்நிரல் எழுதிப் புகழடைந்த சிறுவனே இக்காலத்தின் காவியத்தலைவன். பதின்மவயதிலே 1983இல் மானிக் மைனர் விளையாட்டை ஆக்கிய மத்தியூ ஸ்மித் அதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு. திறமை உண்மையானது, ஆயின் படம் முழுமையானதன்று. வீட்டுக் கணனிக்கு முந்திய பிரித்தானியக் கணனித்துறையிலே செய்நிரலாக்கமும் இயக்கமும் பெரிதும் பெண்களின் வேலையாக இருந்தன. அவ்வேலைக்கு மதிப்புக் கூடியபோது அரசசேவை அவர்களை ஒதுக்கி ஆண்களைப் புகுத்தியது என்பதையும், அதனாற் பிரித்தானியக் கணனித்துறையே நலிந்தது என்பதையும் மார் ஹிக்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வுநூலிலே விரிவாக நிறுவியுள்ளார். ஆகவே ‘ஆதிநாட்கள்’ எனப்படுவன உண்மையில் ஆதியல்ல. முந்திய அத்தியாயமொன்று கிழிக்கப்பட்ட பின்னர் தொடங்கும் பக்கங்கள். அப்பக்கங்களிலும் பெண்கள் இல்லாமலில்லை. பி.பி.சி. மைக்ரோவின் பேசிக் மொழியை ஆக்கிய சோஃபி வில்சனும் அவருடைய சகபாடியான ஸ்டீவ் ஃபர்பரும் பின்னர் வடிவமைத்த ஆர்ம் செயலி 1985 ஏப்ரிலில் முதன்முதலாக இயங்கிற்று. அதன் வழிவந்த செயலிகளே இன்று உலகின் பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் உள்ளன.

சமூக முரண்பாடுகள் விளையாட்டுகளுக்குள்ளும் புகுந்தன என்பதை இடையே குறித்துச் செல்லலாம். சுரங்கத் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்த 1984இல், ஷெஃபீல்ட் நகரின் நிறுவனமொன்று நிலக்கரி திருடும் அகழெலியொன்றைக் கதைத்தலைவனாகக் கொண்ட வான்டட்: மொன்ரி மோல் என்னும் விளையாட்டை வெளியிட்டது. தொழிற்சங்கத் தலைவர் ஆதர் ஸ்கார்கிலும் கேலியுருவில் அதில் இடம்பெற்றார். அவ்விளையாட்டு இன்று இனிய பழமையாக மட்டுமே நினைக்கப்படுகின்றது; வேலைநிறுத்தம் அதிலிருந்து கழன்றுவிட்டது.

பயன்படுத்துவோனே ஆக்குவோனுமாக இருந்த அவ்வுறவு ஏன் முறிந்தது? 1980களின் நடுப்பகுதியிலே வீட்டுக் கணனிச் சந்தை நெருக்கடிக்குள்ளாகிப் பல நிறுவனங்கள் வீழ்ந்தன. அலுவலகத்திலே ஐ.பி.எம். வகைக் கணனிகளும், வீட்டிலே விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட யப்பானியப் பெட்டிகளும் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. பின்னதிலே எழுதுவதற்கு விசைப்பலகையே கிடையாது. முன்னதிலே மொழி திரைப்படங்களுக்குப் பின்னே மறைந்தது. பாடசாலைகளும் செய்நிரலாக்கத்தைக் கைவிட்டுக் கடிதம் தட்டெழுதவும் கணக்குத்தாள் நிரப்பவும் கற்பித்தன. எழுத்தறிவு என்பது எழுதும் ஆற்றலிலிருந்து படிவம் நிரப்பும் ஆற்றலாகச் சுருங்கியது எனலாம். இது தொழினுட்பத்தின் இயல்பான வளர்ச்சியன்று. எவருக்கு எத்தகைய தொழிலாளர் தேவைப்பட்டனர் என்பதன் விளைவு.

2000களின் நடுப்பகுதியிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞானம் கற்க விண்ணப்பித்தோரின் தொகையும் தேர்ச்சியும் குறைந்துவருவதை எபன் அப்டனும் சகபாடிகளும் கண்டனர். தம் இளமையின் கணனிகளை நினைவுகூர்ந்த அவர்கள், மலிவான, திறந்த பொறியொன்றை மீண்டும் பிள்ளைகளின் கையிற் கொடுக்க எண்ணினர். எலீட்டை ஆக்கிய பிராபனும் அம்முயற்சியிற் பங்குகொண்டார். 2012 பெப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை கணனியின் விலை 35 டொலர். அதன் மாதிரிகளுக்கு ஏ, பி எனப் பெயரிட்டமை பி.பி.சி. மைக்ரோவுக்குச் செலுத்திய வணக்கம். அதன் செயலியும் ஆர்ம் மரபினது. அதே ஆண்டு ஜனவரியில் அரச கழகம் பாடசாலைக் கணனிக் கல்வியைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை வெளியிட்டது. 2014 செப்டெம்பரிலிருந்து இங்கிலாந்தின் பாடத்திட்டத்திற் செய்நிரலாக்கம் மீண்டும் இடம்பெற்றது. 2016இல் பி.பி.சி. மைக்ரோபிட் என்னும் சிறு பலகையை ஏறத்தாழப் பத்து இலட்சம் மாணவருக்கு இலவசமாக வழங்கிற்று.

ஏக்கம் இங்கே செயலாகியது, அது பாராட்டுக்குரியது. ஆயினும் பொறியை மீளப் படைத்தால் உறவும் மீளும் என்னும் எதிர்பார்ப்பு எவ்வளவுக்கு நிறைவேறியது? ராஸ்பெரி பை பலகைகளின் விற்பனையிற் பெரும்பகுதி காலப்போக்கிலே ஆலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் உரியதாயிற்று. 2024 ஜூனில் அந்நிறுவனம் இலண்டன் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. 1982இன் சிறுவனுக்கு அவ்வெற்றுத்திரையைத் தவிர வேறு திரையில்லை. இன்றைய பிள்ளையின் கையிலோ கவனத்தைக் கவர்வதையே தொழிலாகக் கொண்ட திரையொன்று ஏற்கெனவே உள்ளது. அத்திரைக்குப் போட்டியாக ஒரு பலகையை மட்டும் கொடுத்துப் பயனில்லை. 1982இல் பலகையோடு தொலைக்காட்சித் தொடர், கைந்நூல், ஆசிரியர், சஞ்சிகை, ஒருவருக்கொருவர் நாடா மாற்றிக்கொண்ட வகுப்புத்தோழர் என ஒரு சமூகச் சூழலே இருந்தது.

வணிகமோ இத்தகைய வினாக்களால் இடர்ப்படுவதில்லை. 2024 நவம்பரில் ஸ்பெக்ட்ரம் கணனியின் வடிவத்தை அச்சொட்டாக ஒத்த பொறியொன்று, அதே இரப்பர் விசைகளுடன், 48 விளையாட்டுகளை உள்ளே கொண்டதாகச் சந்தைக்கு வந்தது. அதை இயக்கியவுடன் தோன்றுவது விளையாட்டுகளின் தெரிவுப் பட்டியல். பேசிக் மொழியும் அதனுள் உண்டு. விரும்பித் தேடுவோர் கண்டடைவர். பழைய பொறியிலே வாயிலாக இருந்தது புதிய பொறியிலே பின்கட்டு அறையாகிவிட்டது.

சந்தைக்கு வெளியே, கூலியின்றி உழைப்போரின் ஏக்கமும் உண்டு. காந்த நாடா நிலையானதன்று. நாள் செல்லச் செல்ல அதன் பதிவு சிதையும். ஆயிரக்கணக்கான செய்நிரல்களை நாடாவிலிருந்து மீட்டு, சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பழைய கணனிகளின் இயக்கத்தைப் புதிய கணனிகளிலே பாவனைசெய்யும் மென்பொருள்களை எழுதியோர் பெரும்பாலும் ஆர்வலர்களே. அவ்வுழைப்பு இல்லையேல் ஆராய்ச்சியாளருக்கு மூலச்சான்றுகள் எஞ்சியிரா.

அவ்வுழைப்பின் இன்றியமையாமையை உணர்த்துவது டூம்ஸ்டே திட்டத்தின் கதை. 1086இல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதப்பட்ட டூம்ஸ்டே ஏட்டின் தொளாயிரமாவது ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. 1986இல் புதிய கணக்கெடுப்பொன்றை வெளியிட்டது. நாடு நான்கு கிலோமீற்றர் நீளமும் மூன்று கிலோமீற்றர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் தத்தம் கட்டத்தின் கடைகள், தொழில்கள், உணவு, பொழுதுபோக்கு, வேலையின்மை பற்றிப் பி.பி.சி. மைக்ரோவிலே எழுதி அனுப்பினர். பங்குகொண்டோர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். வீட்டுக் கணனியின் காலத்தைப் பற்றி அக்காலத்துப் பிள்ளைகளே எழுதிவைத்த சான்று இதைவிடப் பெரியது வேறில்லை. ஆனால் அது சிறப்பு வகை ஒளித்தட்டுகளிலே பதியப்பட்டது. அவற்றைப் படிக்க வேண்டிய கணனித்தொகுதியின் விலை சுமார் 5,000 பவுண். எழுதி அனுப்பிய பாடசாலைகளிற் பலவற்றால் அதனை வாங்க முடியவில்லை. பதினைந்தாண்டுகளுக்குள் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. தோலில் எழுதப்பட்ட 1086இன் ஏடு அப்போதும் வாசிக்கத்தக்கதாகவே இருந்தது. 2002இல் பல்கலைக்கழக ஆய்வாளர் குழுவொன்று பழைய தொகுதியின் இயக்கத்தைப் பாவனைசெய்யும் மென்பொருளை உருவாக்கியது, 2011இல் பி.பி.சி. பிள்ளைகளின் எழுத்தையும் படங்களையும் இணையத்தில் வெளியிட்டது. பின்னர் அவை பிரித்தானியத் தேசிய சுவடிகள் காப்பகத்தின் பொறுப்பிற் சேர்ந்தன. தம் ஊரின் எந்தக் கடை எப்போது மூடப்பட்டது, எத்தனை பேர் வேலையற்றிருந்தனர் என்று 1986இன் பிள்ளைகள் எழுதியவற்றை இப்போது எவரும் அங்கே படிக்கலாம்.